தினம் ஒரு தகவல்: பலகையில் எதை எழுதுவது, எதை விடுவது?

#1 கரும்பலகை

வணக்கம். திண்டுக்கல் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் நாலாம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் சேர்த்துப் பார்க்கிறேன். காலையில் பிரார்த்தனை முடிந்து பிள்ளைகள் உள்ளே வருவதற்குள் பலகையின் வலது ஓரம் கட்டம் போட்டு, "இன்றைய தகவல்" என்று ஒரு வரி எழுதிவிடுவேன். மூன்று வருடமாக நடக்கிறது. அதற்கென்றே தனி நோட்டு போட்டிருக்கிறார்கள் பிள்ளைகள்.

போன வாரம் ஒரு நாள் பஸ் தாமதம். அவசரத்தில் மனதில் வந்ததை எழுதினேன்: "நிலாவிலிருந்து பார்த்தால் சீனப் பெருஞ்சுவர் தெரியும்." சின்ன வயதில் நானும் நோட்டில் எழுதிவைத்ததுதான். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். "டீச்சர், அந்தச் சுவர் எவ்வளவு அகலம்?" போனில் பார்த்துச் சொன்னேன், மேலே நடக்கிற பாதை நாலைந்து மீட்டர் இருக்கும் என்று. "நம்ம நாலு வழிச் சாலை அதைவிட அகலமாச்சே, அப்ப அதுவும் நிலாவுல இருந்து தெரியுமா?"

பதில் இல்லை. மணி அடித்தது, பிழைத்தேன்.

அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். 2003இல் விண்வெளிக்குப் போன முதல் சீன வீரர் யாங் லிவெய், தன் கண்ணுக்குச் சுவர் தெரியவில்லை என்று திரும்பி வந்து சொல்லியிருக்கிறார். அவர் இருந்தது சில நூறு கிலோமீட்டர் உயரத்தில். நிலாவோ 3,84,400 கிலோமீட்டர் தள்ளி. மறுநாள் பிள்ளைகள் முன்னாலேயே அந்த வரியை அடித்துவிட்டு, கேட்ட பெண்ணின் பெயரையும் பக்கத்தில் எழுதினேன்.

ஆனால் அதன்பிறகு அந்த நோட்டுகளைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது. ஒவ்வொன்றிலும் ஐந்நூறு வரிக்கு மேல் இருக்கும். அதில் எத்தனை இப்படிப்பட்ட சுவரோ! நீங்கள் வீட்டில், வகுப்பில் பிள்ளைகளுக்கு என்ன சொல்கிறீர்கள்? எப்படிப் பொறுக்குகிறீர்கள்?

#2 மொட்டைமாடி

டீச்சர், நான் என் மகளின் டிபன் பாக்ஸில் ஒரு துண்டுச்சீட்டு வைக்கிறவன். இரண்டாம் வகுப்பு. சென்னை, அடுக்குமாடி வீடு. இயற்கை என்று பார்த்தால் எதிர் வீட்டு மாமரமும் எங்கள் மொட்டைமாடியும்தான்.

இதுவரை எழுதியதில் சூப்பர் ஹிட் குயில். "கூவுவது ஆண் குயில்" என்று எழுதி அனுப்பினேன். சாயங்காலம் சண்டையோடு வந்தாள். அவள் தோழிகள் யாரும் நம்பவில்லையாம். நம் பாட்டுகளில் குயில் என்றாலே பெண்ணாயிற்றே. இரண்டு நாள் மாமரத்தையே பார்த்துக்கொண்டு இருந்தோம். கன்னங்கரேல் என்று சிவப்புக் கண்ணோடு ஒன்று. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி போட்ட பழுப்பு நிறத்தில் இன்னொன்று. அந்த ஏறிக்கொண்டே போகும் கூவல் கறுப்பிடமிருந்து வந்தது. பழுப்பு 'கிக் கிக் கிக்' என்று கத்திவிட்டுப் பறந்தது. பழுப்புதான் பெண் குயில் என்பதே அதுவரை அவளுக்குத் தெரியாது, வேறு ஏதோ பறவை என்று நினைத்திருக்கிறாள். உண்மையைச் சொன்னால் எனக்கும் கல்யாணம் ஆகும்வரை தெரியாது.

மே மாதம் அதே மரத்தில் காக்கா ஒன்று குயில் குஞ்சுக்கு ஊட்டிக்கொண்டிருந்தது. அதற்குச் சீட்டே தேவைப்படவில்லை.

#3 குறுக்குக்கேள்வி

பிரச்சினை உங்கள் சுவரில் இல்லை டீச்சர், 'உங்களுக்குத் தெரியுமா?' என்று தொடங்குகிற அத்தனையிலும் இருக்கிறது. யார் சொன்னது, எப்படித் தெரிந்தது என்று எதுவும் இருக்காது. கேட்டவுடன் வாயைப் பிளக்க வேண்டும், அவ்வளவுதான்.

திருநள்ளாறுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் 3 விநாடி நின்று போகின்றன என்று வருடா வருடம் வாட்ஸ்அப்பில் வருகிறதே. தாழ்வான சுற்றுப்பாதையில் போகிற ஒரு செயற்கைக்கோளின் வேகம் விநாடிக்கு ஏழரை கிலோமீட்டர். 3 விநாடியில் 22 கிலோமீட்டர் தாண்டியிருக்கும். அந்த வேகத்தால்தான் அது விழாமல் சுற்றுகிறது, நின்றால் கீழேதான் வரும். இதை அனுப்புகிறவர்களில் பாதிப் பேர் அறிவியல் பட்டதாரிகள். துளசி ராத்திரியில் ஆக்ஸிஜன் தரும் என்பது இன்னொன்று.

நான் வைத்திருக்கிற கணக்கு ஒன்றுதான். சொன்னதைப் பிள்ளை ராத்திரிச் சாப்பாட்டுக்குள் தானே சோதித்துப் பார்க்க முடியுமா? முடிந்தால் எழுதலாம். முடியாவிட்டால் வேண்டாம்.

#4 துளசிமாடம்

எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடாதீர்கள் நண்பரே. துளசி விஷயம் எங்கள் பாட்டி காலத்திலிருந்து சொல்வது. வீட்டுக்கு நடுவில் சும்மாவா வைத்தார்கள்?

#5 குறுக்குக்கேள்வி

துளசி வைத்ததைக் குறை சொல்லவில்லை அம்மா. எங்கள் வீட்டிலும் மாடம் இருக்கிறது, கஷாயமும் குடிக்கிறேன். ஆக்ஸிஜன் வருவது இலை வெளிச்சத்தைப் பிடித்து உணவு தயாரிக்கும்போது. இருட்டில் அந்த வேலை நடக்காது. ராத்திரியில் செடியும் நம்மைப் போல மூச்சு விட்டுக்கொண்டு இருக்கும், அவ்வளவுதான். "எங்கள் பாட்டிக்கு" ஆக்ஸிஜன் என்ற சொல் எப்போது தெரிந்தது என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

#6 பழைய வாத்தியார்

சண்டை வேண்டாம். இதைப் பிள்ளைகளையே தீர்த்துவைக்கச் சொல்லலாம். நான் முப்பத்தோரு வருடம் அறிவியல் எடுத்தவன், ஆய்வகமே இல்லாத பள்ளிகளில்தான் பெரும்பாலும்.

கம்மாயிலிருந்து வேலம்பாசி ஒரு கைப்பிடி கொண்டுவரச் சொல்லுங்கள். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டு வெயிலில் வையுங்கள். சற்று நேரத்தில் தண்டிலிருந்து முத்து முத்தாகக் குமிழி கிளம்பும். அதுதான் ஆக்ஸிஜன். அப்புறம் டம்ளரைத் தூக்கிக்கொண்டுபோய் அலமாரிக்குள் வைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். குமிழி நின்றிருக்கும். மறுபடி வெயிலில் வைத்தால் மறுபடி கிளம்பும். துளசியைத் தண்ணீரில் முக்கி வேடிக்கை பார்க்க முடியாது, பாசியில் பார்க்கலாம். இலைக்கு இலை விதி மாறாது.

#4 எழுதிய அம்மா கோபித்துக்கொள்ளாமல் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும்.

#7 பனங்குருத்து

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஏழு வயதும் பத்து வயதும். மூத்தவனுக்கு இடி என்றால் பயம். மாரி காலத்தில் கட்டிலுக்குக் கீழே போய்விடுவான். ஒரு நாள் அவனுக்கு இதைச் சொன்னேன்: மின்னல் வெட்டியதும் எண்ணத் தொடங்கு, இடி கேட்டதும் நிறுத்து, மூன்றால் பிரி. அத்தனை கிலோமீட்டர் தூரத்தில் விழுந்திருக்கிறது. வெளிச்சம் உடனே வந்துவிடும், சத்தத்துக்கு ஒரு கிலோமீட்டர் நடக்க மூன்று விநாடி வேண்டும்.

இப்போது கட்டிலுக்கு மேலே இருந்து எண்ணுகிறான். "அம்மா, ஐந்து கிலோமீட்டர். அம்மா, இப்ப நாலு. கிட்ட வருது!" பயம் முழுதாகப் போகவில்லை, ஆனால் எண்ணுகிற வேலை வந்துவிட்டதால் அழுவதற்கு நேரம் இல்லை. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருக்கிறேன்: எண்ணுவது வீட்டுக்குள் இருந்துதான். இடி காதில் விழுகிற தூரம் என்றாலே வெளியில் நிற்கக் கூடாது.

சின்னவளுக்கு எறும்பு. வரிசையாகப் போகிற எறும்புகளுக்குக் குறுக்கே ஈர விரலால் தரையை அழுத்தித் தேய்த்துவிட்டால் அந்த இடத்தில் வந்து தடுமாறி நிற்கும். முன்னால் போனது விட்டுப்போன வாசனைதான் அவற்றுக்கு ரோட்டு. கொஞ்ச நேரத்தில் திரும்பவும் வழி பிடித்துவிடும். "நான் அழிச்சது பாவமா?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் அறிவியல் பதில் இல்லை, கொஞ்சம் சீனி வைத்துவிட்டோம்.

#8 அரியலூர்க்காரன்

#3க்கு என் கடுமையான ஆட்சேபம். ராத்திரிச் சாப்பாட்டுக்குள் சோதிக்க முடிந்ததைத்தான் சொல்ல வேண்டும் என்றால் டைனோசர் கிடையாது, சனிக்கோளின் வளையம் கிடையாது, கடலின் ஆழம் கிடையாது. பிள்ளையின் உலகம் கொல்லைப்புறத்தோடு முடிந்துவிடும். எட்டு வயதில் எனக்கு ஊரைத் தாண்டி ஒரு உலகம் இருக்கிறது என்று காட்டியது இந்த மாதிரி ஒரு வரித் தகவல்கள்தான். அதில் பாதி தப்பாகவே இருக்கட்டும், ஆசை வந்ததா இல்லையா?

எங்கள் பக்கம் வயலில் உழும்போது சுருள் சுருளாகக் கல் கிடைக்கும். ஆட்டுக்கொம்பு போல இருக்கும். நாங்கள் பம்பரம் விளையாடும்போது எடைக்கு வைத்திருக்கிறோம். அது பத்துக் கோடி வருடத்துக்கு முந்தைய கடல் உயிரியின் ஓடு, பெயர் அம்மோனைட் என்று ஒரு வாத்தியார் சொன்னார். இங்கே கடலா! கடற்கரைக்குப் போக ஒரு நாள் ஆகிற ஊரில்! அந்த வாத்தியார் பெரம்பலூர் பக்கம் சாத்தனூருக்குக் கூட்டிப்போய்க் கல்மரத்தைக் காட்டினார். 18 மீட்டர் நீளத்துக்கு அடிமரம் படுத்துக் கிடக்கிறது, தொட்டால் கல். 12 கோடி வருடம் முன்பு கடலில் அடித்துவரப்பட்டுப் புதைந்த மரம்.

இதை எந்தச் சாப்பாட்டுக்குள் சோதிப்பது? ஆனால் அன்றிலிருந்து சிமெண்ட் மூட்டையைப் பார்த்தால்கூட எனக்குக் கடல்தான் ஞாபகம் வருகிறது. எங்கள் ஊர் சுண்ணாம்புக்கல் அந்தக் கடல் பூச்சிகளின் ஓடுகள் படிந்து உண்டானது. உங்கள் வகுப்பறைச் சுவரிலும் கொஞ்சம் இருக்கலாம் டீச்சர்.

#9 குறுக்குக்கேள்வி

ஒப்புக்கொள்கிறேன், ஓரளவு. ஆனால் கவனியுங்கள், உங்களுக்கு ஒட்டிக்கொண்டது "12 கோடி வருடம்" என்ற எண் இல்லை. கையில் ஒரு கல் இருந்தது, கூட்டிப்போகிற வாத்தியார் இருந்தார். வெறும் வரியாகப் பலகையில் பார்த்திருந்தால் அடுத்த நாள் மறந்திருப்பீர்கள்.

#10 வயக்காடு

இன்னொரு விதத்திலும் அந்த விதி உதைக்கிறது. பாம்பை எந்தப் பிள்ளையும் சோதிக்கக் கூடாது, ஆனால் சொல்லியே ஆக வேண்டும்.

கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரத்தில் ஏறி உட்கார்ந்து, சுடுகாட்டில் புகை வருகிறதா என்று பார்க்கும் என்று நம் ஊரில் சொல்லாத ஆள் உண்டா? பாவம், அது விஷமே இல்லாத பாம்பு. ஒல்லியாக, முதுகு செம்பு நிறத்தில் இருக்கும். ஓணானும் தவளையும் தேடி மரத்தில் ஏறுகிறது. சாவை உறுதி செய்ய இல்லை. இந்தக் கதைக்காகவே எங்கள் தெருவில் போன மாதம் ஒன்றை அடித்துப் போட்டார்கள். கூட்டத்தில் பாதிக்கு மேல் பள்ளிப் பிள்ளைகள்.

அதே மூச்சில் விஷப் பாம்புகள் நான்கின் பெயர்களையும் எழுதிப் போடுங்கள்: நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் இந்த நான்கின் விஷத்தைத்தான் எடுத்து, கடிமருந்து தயாரிக்கக் கொடுக்கிறது. எந்தப் பாம்பானாலும் தள்ளி நில், கடித்தால் நேரே ஆஸ்பத்திரி. இதில் சோதனைக்கு வேலையே இல்லை.

#11 கரும்பலகை

எல்லாருக்கும் நன்றி. நேற்று மதியம் முழுக்க வேலம்பாசிதான். அலமாரிக்குள் தலையை விடுவதற்கு வரிசை கட்டி நின்றார்கள். ஒருவன் டார்ச்சை அணைக்காமலே வைத்திருந்ததில் லேசாகக் குமிழி வந்தது. "டார்ச்சும் சூரியனா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு, தானே "குட்டிச் சூரியன்" என்று முடித்துக்கொண்டான்.

பழைய நோட்டுகளை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடமே கொடுத்து, சந்தேகம் வருவதற்கெல்லாம் சிவப்பு மையில் புள்ளி வைக்கச் சொன்னேன். நாக்கின் நுனிக்கு இனிப்பு, பக்கத்துக்குப் புளிப்பு, அடிக்குக் கசப்பு என்று படம் வரைந்திருந்தேன் ஒரு பக்கத்தில். சத்துணவுக்கூடத்திலிருந்து உப்பு வாங்கி நாக்கின் நுனி, ஓரம் என்று வைத்துப் பார்த்தார்கள். எல்லா இடத்திலும் உப்பு கரித்தது. அந்தப் படத்துக்கும் சிவப்புப் புள்ளி.

#12 பழைய வாத்தியார்

அந்த நாக்குப் படத்தை நானும் இருபது வருடம் வரைந்திருக்கிறேன். 1901இல் ஒரு ஜெர்மன் ஆய்வாளர், இடத்துக்கு இடம் மிகச் சிறிய வித்தியாசம் இருக்கிறது என்று எழுதியதை அப்புறம் வந்தவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டு பாகம் பிரித்துவிட்டார்கள். உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டது. நீங்கள் மட்டும் வெட்கப்பட வேண்டியதில்லை.

எண்கள் எழுதும்போது ஒரு சின்ன யோசனை: பக்கத்தில் வருடத்தையும் எழுதிவிடுங்கள். 2006இல் புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து எடுத்த பிறகும் எங்கள் பள்ளிச் சுவரில் ஒன்பது கோள் படம் பத்து வருடம் தொங்கியது. சனியின் நிலாக்கள் 2025இல் ஒரே அடியாக 274 ஆகிவிட்டன. "274" என்று மட்டும் எழுதினால் நாளைக்குத் தப்பு. "2025 கணக்குப்படி 274" என்றால் என்றைக்கும் சரி.

இன்னொன்று, எனக்குப் பிடித்தது. கடல் ஏன் நீலம் என்றால் வானத்தின் நிறம் அதில் தெரிகிறது என்று ஒரு பதில் இருந்ததே. பெரிய விஞ்ஞானி ராலே சொன்னது. 1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த சி. வி. ராமன், திருச்சியில் பிறந்தவர், மத்தியதரைக் கடலைப் பார்த்துவிட்டு இதைச் சந்தேகப்பட்டார். கையில் ஒரு சின்னப் பட்டகம். அதைக் கண்ணில் வைத்துத் தண்ணீர் மேல் பட்டுத் திரும்புகிற வெளிச்சத்தை மறைத்துப் பார்த்தார். அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது. அப்படியென்றால் நிறம் தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது. அங்கே பிடித்த சந்தேகம் 1928இல் ராமன் விளைவில் போய் முடிந்தது, 1930இல் நோபல் பரிசு. கதை இதோடு முடியவில்லை. ஒளி சிதறுவதால்தான் நீலம் என்றார் ராமன். அதற்கும் பங்கு உண்டு, ஆனால் தண்ணீர் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதே முக்கியக் காரணம் என்று இன்று தெரியும். ராலேக்கு ராமன் வைத்த சிவப்புப் புள்ளி, ராமனுக்கு அடுத்தவர்கள் வைத்தது. உங்கள் ஐந்தாம் வகுப்புக்கு இந்தக் கதை பிடிக்கும்.

#13 மொட்டைமாடி

நிலா எவ்வளவு தூரம் என்பதற்கு ஒரு வழி கிடைத்தது. பூமி ஒரு சாத்துக்குடி என்று வையுங்கள். நிலா ஒரு சின்ன நெல்லிக்காய். இரண்டையும் எவ்வளவு தள்ளி வைக்கலாம் என்று மகளிடம் கேட்டேன். ஒரு சாண் தள்ளி வைத்தாள். என் மனைவி ஒரு முழம். சரியான விடை இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, நடுவில் முப்பது சாத்துக்குடி அடுக்கலாம். சூரியன்? ஏழரை மீட்டர் அகல உருண்டை, எண்ணூறு மீட்டருக்கு அப்பால். எங்கள் வீட்டுக் கணக்கில் அது ரேஷன் கடையைத் தாண்டிப் பேருந்து நிறுத்தம். மகள் நெல்லிக்காயைத் தின்றுவிட்டு, "அப்பா, அமாவாசை" என்றாள்.

#14 குறுக்குக்கேள்வி

டீச்சர், சூரியன் என்றதும் ஞாபகம் வந்தது. உங்கள் ஊருக்கு ஆகஸ்ட் 26 வாக்கில் நிழலில்லா நாள் வருகிறது, விட்டுவிடாதீர்கள். சூரியன் நேர் உச்சிக்கு வருவது வருடத்தில் இரண்டே நாள்தான். சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில். தெற்கே போகப் போக ஏப்ரல் தேதி முன்னால் வரும், ஆகஸ்ட் தேதி பின்னால் போகும். யாழ்ப்பாணத்து அக்காவுக்கு உங்களுக்கு அப்புறம் ஓரிரு நாள் கழித்து. கடிகாரத்தில் 12 மணிக்குப் பார்த்து ஏமாறாதீர்கள். நம் கடிகாரம் அலகாபாத் பக்கத்துத் தீர்க்கரேகைக்கு ஓடுகிறது. திண்டுக்கல்லில் உச்சிவேளை 12.20 வாக்கில்தான் வரும்.

இதைச் சாப்பாட்டுக்குள் சோதிக்கலாம் என்பதையும் பணிவோடு குறிப்பிடுகிறேன்.

#15 துளசிமாடம்

பேரனோடு சேர்ந்து பாசி வைத்துப் பார்த்தேன். இருட்டில் குமிழி வரவில்லை. துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தப் போவதில்லை.

#16 கரும்பலகை

நேற்றுப் பார்த்தோம். ஒரு வாரமாகவே கொடிக்கம்பத்தின் நிழல் நுனியில் தினம் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு வந்தோம். கோடு கம்பத்தை நெருங்கிக்கொண்டே வந்தது. நேற்றுப் பன்னிரண்டு மணிக்கு ஒரே மேகம். நாற்பத்தியிரண்டு பிள்ளைகள், சத்துணவு ஆயா, தலைமையாசிரியர், எல்லாரும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறோம். நேராகச் சூரியனைப் பார்க்காதே என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. 12.17க்கு மேகம் விலகியது.

கம்பத்துக்கு நிழல் இல்லை. கவிழ்த்துவைத்த டம்ளருக்கும் இல்லை. பிள்ளைகள் விறைப்பாக நின்றபடி கீழே பார்த்தார்கள், நிழல் காலடியில் சுருண்டு கிடந்தது. நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் குதித்துப் பார்த்தான், அப்போதாவது வெளியே வருமா என்று. ஐந்து நிமிடத்தில் மறுபடி மேகம்.

வகுப்புக்குள் வந்ததும் அந்தச் சுவர்ப் பெண் எழுந்தாள். "டீச்சர், வடக்க போகப் போக ஆகஸ்ட் தேதி முன்னால வருதுல்ல, அப்ப டெல்லிக்கு எந்தத் தேதி?"

உலக உருண்டையை எடுத்துக் கொடுத்தேன். கடக ரேகையில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனாள். டெல்லி அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

இன்றைக்குப் பலகையில் கட்டத்துக்குள் எழுதியது நான் இல்லை. அவள்தான்: "டெல்லிக்காரங்களுக்கு நிழல் ஒரு நாளும் மறையாது. ஏன்?" பதிலுக்கு இரண்டு வரி இடம் விட்டிருக்கிறாள்.